எழுப்பியது யார்? இறங்கிய பற்றரியும் சைவசித்தாந்தமும்

பற்றரி இறங்கி நின்றுவிட்ட காருக்கு இன்னொரு காரிலிருந்து வயர் போட்டால் அது ஸ்ராட் ஆகிறது. வயரைக் கழற்றிய பின்னும் ஓடுகிறது. அந்த ஓட்டம் யாருடையது? கொடுத்த பற்றரியினதா, எழுந்த எஞ்சினினதா, வயரைப் பிடித்த கையினதா? கராஜில் இதற்கு ஒருவரும் மறுமொழி தேடுவதில்லை. சைவசித்தாந்தம் படித்த யாழ்ப்பாணத்தவருக்கோ இதே கேள்வி வேறோர் உருவில் நன்றாகப் பழகியது. உயிர் தன்னைக் கட்டியிருக்கும் மலத்திலிருந்து விடுபடுவது தன் முயற்சியாலா, இறைவன் அருளாலா? இடையில் வரும் குரு செய்வது என்ன? மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் பன்னிரண்டு சூத்திரங்களில் வகுத்த சிவஞானபோதமும், அதன் வழிவந்த சிவஞானசித்தியாரும் திருவருட்பயனும் இதைத் திரும்பத் திரும்ப எடுத்து ஆராய்கின்றன.

எல்லாம் கொடுத்தவருடைய செயல் என்பது ஒரு மறுமொழி. எல்லாம் வாங்கியவரின் திறமை என்பது இன்னொன்று. சித்தாந்தம் இரண்டையும் ஏற்பதில்லை. ஏன் ஏற்பதில்லை என்பதை, இறங்கிய பற்றரியைப் பாதுகாப்பாக எழுப்பும் முறையைப் படிப்படியாகப் பார்க்கையில் காணலாம்.

முதலில் பற்றரி இறங்குவது என்றால் என்ன என்று தெரியவேண்டும். சாதாரணக் காரில் இருப்பது ஈய அமிலப் பற்றரி. ஆறு அறைகள், ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2.1 வோல்ற். முழுதாக ஏறிய பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற் அளவு காட்டும். 12 வோல்ற்றுக்குக் கீழே போய்விட்டால் அதை இறங்கியதாகவே கொள்ளலாம். ஸ்ராட்டர் மோட்டர் சுழல ஓரிரு விநாடிகளுக்கு நூறு அம்பியருக்கு மேல் வேண்டும். அந்த வேகத்தில் கொடுக்கமுடியாத பற்றரி, திறப்பைத் திருப்பியதும் டாஷ்போர்ட் வெளிச்சத்தை மங்கவைத்து 'டிக் டிக்' என்ற ஒலியோடு நின்றுவிடும். கார் செத்துவிட்டது என்று சொல்வது வழக்கம். உண்மையில் எதுவும் சாகவில்லை. தாங்கியில் பெற்றோல் இருக்கிறது, பிளக் இருக்கிறது, பற்றரியினுள் தகடும் அமிலமும் இருக்கின்றன. மின்னைக் கொடுத்துக் கொடுத்துத் தகடுகளின்மேல் ஈய சல்பேற்று படிந்திருக்கிறது, அமிலம் நீர்த்திருக்கிறது. எதிர்த்திசையில் மின் பாய்ந்தால் அந்தப் படிவு கரைந்து பழைய நிலை திரும்பும்.

உயிரைப் பற்றிச் சித்தாந்தம் சொல்வதும் இதற்கு நெருக்கமானது. உயிருக்கு இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல்கள் இயல்பாகவே உண்டு. ஆணவமலம் அவற்றை அழிப்பதில்லை, மறைக்கிறது. ஆகவே அருள் வந்து உயிருக்கு இல்லாத ஒன்றைப் புதிதாகப் படைத்துக் கொடுப்பதில்லை. மறைந்திருந்ததை விளங்கச் செய்கிறது. எல்லாம் கொடுத்தவருடையதே என்ற மறுமொழி இந்த இடத்தில் விழுந்துவிடுகிறது. எஞ்சினும் எரிபொருளும் இல்லாத வெறும் கூட்டுக்கு எத்தனை அம்பியர் கொடுத்தாலும் அது ஓடாது.

இனி மற்ற மறுமொழி. எந்தக் காரியத்துக்கும் மூன்று காரணங்கள் உண்டு என்பது சித்தாந்த வகுப்பில் முதல் நாட்களிலேயே படிப்பிக்கப்படுவது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். காரின் ஓட்டத்துக்கு இதைப் பொருத்தினால் எரிபொருளும் எஞ்சினும் முதற்காரணத்தின் இடத்தில் நிற்கும். வயரும் கொடுக்கும் காரின் பற்றரியும் துணைக்காரணம். நிமித்தகாரணம், காரை நிறுத்தி இறங்கி வந்து வயரைப் பூட்டிய மனிதர். இங்கே கவனிக்கவேண்டியது, மின்னைக் கொடுத்த பற்றரிக்குக்கூட நிமித்தம் என்ற பெயர் கிடைப்பதில்லை என்பதுதான். நிமித்தகாரணமாக இருப்பதற்கு அறிவு வேண்டும். சடப்பொருள் தானாக ஒன்றை இயக்காது என்பதில் சித்தாந்தம் விட்டுக்கொடுப்பதே இல்லை. உலகத்துக்கு ஒரு கருத்தா உண்டு என்று சிவஞானபோதத்தின் முதற் சூத்திரம் நிறுவுவதும் இந்த வழியில்தான்.

இந்த வேறுபாடு வெறும் தருக்கம் அல்ல என்பதை ஜம்பர் வயரே காட்டிவிடும். முனை மாறிப் பூட்டினால் அதே மின், அதே அளவில், அதே வயரால் பாய்ந்து பியூஸை எரிக்கும். அல்ரனேற்றரின் டயோட்டைக் கருக்கும். புதிய கார்களில் எஞ்சினை ஆளும் கணினியையும் கெடுத்துவிடும். மின்னுக்கு நன்மை தீமை தெரியாது. எழுப்பியதும் அழித்ததும் ஒரே ஆற்றல் என்றால், எழுப்புதலை ஆற்றலின் கணக்கில் எழுதமுடியாது. அறிந்து பூட்டியவரின் கணக்கில்தான் எழுதவேண்டும். சிவனுடைய சத்தியைச் சித்தாந்திகள் அறிவே வடிவானது என்று சொல்வதன் தேவை இங்கே புலப்படும். அறிவில்லாத பேராற்றல் அருள் ஆகாது.

அந்த அறிவு எப்படிச் செயல்படுகிறது என்று கிட்ட நின்று பார்ப்போம். இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடாமல், வயர் எட்டும் தூரத்தில் நிற்கவேண்டும். இரண்டிலும் திறப்பை அணைத்து, கைபிரேக் இழுத்து, கியரை நியூட்ரலில் அல்லது பார்க்கில் விட்டு, விளக்கு, ஏசி, போன் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்தவேண்டும். கையில் மோதிரமோ உலோகப் பட்டி மணிக்கூடோ இருந்தால் கழற்றி வைக்கவேண்டும். 12 வோல்ற் ஆளை அடிக்காது. ஆனால் இரண்டு முனைகளுக்கும் இடையில் மாட்டிய மோதிரம் நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். முதலில் சிவப்பு வயரின் ஒரு நுனி இறங்கிய பற்றரியின் நேர்முனையில். அதன் மறு நுனி நல்ல பற்றரியின் நேர்முனையில். பிறகு கறுப்பு வயரின் ஒரு நுனி நல்ல பற்றரியின் மறைமுனையில். நாலாவது நுனிதான் முக்கியமானது. அது இறங்கிய பற்றரிக்குப் போகக்கூடாது. அந்தக் காரின் எஞ்சினில் பெயின்ற் இல்லாத தடித்த உலோகப் பகுதி ஒன்றில், பற்றரிக்குத் தள்ளி, பூட்டப்படவேண்டும்.

கடைசிப் பூட்டில் பெரும்பாலும் ஒரு பொறி பறக்கும் என்பதே இதற்குக் காரணம். ஈய அமிலப் பற்றரி மின் ஏறும்போது ஐதரசனையும் ஒட்சிசனையும் வெளிவிடும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு ஐதரசன் கலந்தாலே அது தீப்பற்றப் போதும். பற்றரியின் மூடிக்கு மேலேயே பொறி பறந்தால் வெடித்து, சல்பூரிக்கமிலம் முகத்தில் தெறிக்கலாம். பொறியைத் தவிர்க்கமுடியாது; அது எங்கே பறக்கவேண்டும் என்பதைத் தீர்மானிக்கமுடியும். உதவி என்பது நல்லெண்ணத்தோடு முடிந்துவிடும் ஒன்று என நினைப்பவர்கள் இந்த நாலாவது நுனியைச் சற்று யோசிக்கவேண்டும். முந்திய மூன்றையும் சரியாகப் பூட்டி, முழு அன்போடு நாலாவதைப் பற்றரியிலேயே பூட்டுபவருக்கும் அந்த ஆபத்து அப்படியே இருக்கிறது.

விதியை மனப்பாடம் செய்தாலும் போதாது. யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் ஓடும் ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்கள் இதற்கு நல்ல சான்று. அவற்றுள் பல, நேர்முனையை உடலோடு இணைத்துச் செய்யப்பட்டவை. கறுப்பை உடம்பில் பூட்டு என்று மட்டும் பாடமாக்கி வைத்திருப்பவர் அங்கே பெரிய பிழை செய்வார். அந்தக் கார் இறங்கி நின்றால் கடைசியாக எஞ்சினில் பூட்டப்படவேண்டியது சிவப்பு. மற்றக் காரில் மறைமுனை உடலோடு இணைந்திருந்தால், வயர் பூட்டியிருக்கையில் இரண்டு கார்களின் உடலும் பட்டுக்கொண்டாலே மின் குறுக்கே பாய்ந்துவிடும். பின்னாளில் மறைமுனைக்கு மாற்றப்பட்ட பழைய கார்களும் உண்டு. ஆகவே பொனற்றைத் திறந்து, எந்த முனையின் வயர் உடலுக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்தபிறகுதான் கை வைக்கவேண்டும். சைவக் கிரியைக்கும் இது பொருந்தும்: ஆகமப் பொருள் அறியாமல் செய்யும் கிரியையை யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் வாழ்நாள் முழுதும் கடிந்து பேசினார். சிறுவர்களுக்கும் விளங்கவேண்டும் என்றே சைவவினாவிடையை எழுதினார். விதி வேண்டாம் என்பதற்காக அவர் அப்படிச் செய்யவில்லை. பொருள் தெரிந்தவரிடத்திலேயே விதி தன் வேலையைச் செய்யும் என்பதற்காகச் செய்தார்.

துணைக்காரணம் மாறலாம், முதற்காரணம் மாறாது என்பதை இந்தக் குடாநாடு தொண்ணூறுகளில் அனுபவமாகவே கண்டது. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் மின்சாரம் நின்றது. பற்றரிகளும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துக் கையால் பெடலைச் சுற்றி, டைனமோ மின்னில் வானொலிச் செய்தி கேட்டார்கள். கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ராட் செய்வதற்கு மட்டும் சில துளி பெற்றோல். பற்றரி இறங்கிய காரை நாலு பேர் தள்ள, உள்ளே இருப்பவர் திறப்பைத் திருப்பி, கிளச்சை மிதித்து இரண்டாம் கியரைப் போட்டு, வேகம் வந்ததும் கிளச்சைச் சட்டென்று விடுவார். பழைய கார்களில் முன்புறத் துளையில் கைபிடியைச் செருகிச் சுற்றுவதும் உண்டு. அதற்கும் ஓர் அறிவு வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துப் பிடிக்கவேண்டும். சுற்றிப் பிடித்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது பெருவிரல் முறிந்துவிடும். அங்கே வெளியிலிருந்து மின்னே பாயவில்லை. கொடுப்பவரிடமிருந்து வாங்குபவருக்குப் போனது மின்தான் என்று நினைப்பவருக்கு இது விளங்காது. போனது ஒரு தொடக்கம். அது மின்னாக வரலாம், தோள் பலமாக வரலாம். சித்தாந்தமும் தீட்சையை நயனம், பரிசம், வாசகம், மானசம், சாத்திரம், யோகம், ஔத்திரி என ஏழாகச் சொல்லும். பார்வையால் நிகழ்வதும் தொடுகையால் நிகழ்வதும் வாக்கால் நிகழ்வதும் ஒரே விளக்கம்தான். இன்றைய ஓட்டோ கியர்க் கார்களையும் ஹைபிரிட் கார்களையும் தள்ளி ஸ்ராட் செய்யமுடியாது என்பதால், ஒழுங்கையில் நிற்கும் நாலு பேரின் தோளுக்கு அந்த வேலை இப்போது பெரும்பாலும் இல்லை.

யார் உதவமுடியும் என்பதும் எளிய கேள்வி அல்ல. பெரிய லொறிகளில் 24 வோல்ற் மின்னமைப்பு இருக்கும். காரைவிடப் பலமடங்கு வலிமையான வாகனம் பக்கத்தில் நிற்கிறதே என்று அதிலிருந்து 12 வோல்ற் காருக்கு வயர் போட்டால் காரின் மின்கருவிகள் கருகிப்போகலாம். உதவுபவர் வாங்குபவரின் அளவில் நிற்கவேண்டும். உயிர்களை அவற்றைக் கட்டிய மலங்களின் எண்ணிக்கையால் சகலர், பிரளயாகலர், விஞ்ஞானாகலர் என மூன்றாகப் பிரிக்கும் சித்தாந்தம் இந்த நுட்பத்தை முழுதும் அறிந்திருந்தது. விஞ்ஞானாகலருக்கு இறைவன் உள்ளே நின்று உணர்த்துகிறான். பிரளயாகலருக்குத் தன் உருவில் முன்னே தோன்றி உணர்த்துகிறான். மும்மலமும் உடைய சகலருக்கோ, அதாவது நம் எல்லாருக்கும், மனித வடிவில் குருவாக மறைந்து வருகிறான். திருவருட்பயனில் உமாபதி சிவம் அருளுருநிலை என்று ஓர் அதிகாரம் முழுவதையும் இதற்கு ஒதுக்கியிருக்கிறார். இறைவன் குறைந்து வருவது குறைபாடு அல்ல, கருணையின் இலக்கணம் என்பதை விளக்க இதைவிடத் தெளிவான இடம் சாத்திரத்தில் அரிது.

அதேபோல, வாங்கும் நிலையில் இல்லாததற்குக் கொடுக்கக்கூடாது. பற்றரி ஊதியிருந்தால், வெடிப்பு விட்டு அமிலம் கசிந்தால் வயரை எடுக்கவே கூடாது. ஹைபிரிட் காரில் செம்மஞ்சள் வயர்கள் ஓடும் பகுதியைத் தொடக்கூடாது. அந்தக் காரைக்கொண்டு மற்றக் காரை எழுப்பலாமா என்பதைக் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். மறுப்பதும் சில வேளைகளில் உதவியின் ஒரு பகுதி. அருள் உயிரில் பதியும் சத்திநிபாதம் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நாலு படியில் நிகழ்வதாகச் சித்தாந்தம் சொல்வதும் ஏற்கும் பக்குவத்தை வைத்துத்தான். கொடுப்பவனிடத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு என்பதால் அல்ல.

கொடுப்பவர் இழப்பது என்ன? நல்ல காரின் எஞ்சினை ஓடவிட்டுச் சில நிமிடம் பொறுத்தபிறகே மற்றக் காரின் திறப்பைத் திருப்பவேண்டும். ஒரு முறை பத்து விநாடிக்கு மேல் சுழற்றக்கூடாது; எடுக்காவிட்டால் சற்று ஆறவிட்டு மறுபடி முயலவேண்டும். எஞ்சின் ஓடுகையில் அல்ரனேற்றர் 14 வோல்ற் அளவில் மின்னைத் தந்துகொண்டிருப்பதால் கொடுத்தது அங்கேயே நிரம்பிவிடும். போவது கொஞ்ச எரிபொருளும் கொஞ்ச நேரமும். தன் பற்றரியே தளர்ந்திருப்பவர் எஞ்சினை அணைத்துவிட்டுக் கொடுத்தால் நடுத்தெருவில் இரண்டு கார்கள் நிற்கும். ஒப்புரவறிதலுக்கும் ஈகைக்கும் தனித்தனி அதிகாரம் வைத்த திருக்குறள், நன்றிக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறது. வயர் கொடுத்தவர் காசு வாங்குவதில்லை; பலவேளை பெயர்கூடச் சொல்வதில்லை. அந்தக் கடனை அவரிடம் திருப்பிக் கொடுக்க வழி இல்லாதபடியால் அது அடுத்து வழியில் நிற்பவருக்குப் போகிறது. ஊர் வாழ்வதற்கு இது சரியான வழி என்றே தோன்றுகிறது.

இந்த ஒப்புமை ஓர் இடத்தில் முறிகிறது. அதை மறைப்பது நேர்மை ஆகாது. கார் ஸ்ராட் ஆனதும் வயர் கழற்றப்படுகிறது: எஞ்சினில் பூட்டிய கறுப்பு முதலில், பிறகு நல்ல பற்றரியின் கறுப்பு, அதன் சிவப்பு, கடைசியில் எழுந்த காரின் சிவப்பு. அதற்குப் பின் இரண்டு கார்களுக்கும் தொடர்பில்லை. அருளுக்கும் உயிருக்கும் அப்படிப் பிரிவே கிடையாது. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. எனினும் கதிரவன் ஒளியின்றி அது ஒருபோதும் காணாது. சித்தாந்திகள் விரும்பி எடுத்தாளும் உவமை இதுவே. முத்தியிலும் உயிர் உயிராகவே இருந்து இறைவனோடு இரண்டறக் கலந்து நிற்கிறதே தவிர, தனியாக ஓடத் தொடங்குவதில்லை. ஆகவே ஜம்பர் வயர் சிவனுக்கு உவமையாகாது. அயலவருக்கு உவமையாகும். குருவுக்குப் பாதிவரை பொருந்தும். பாதிவரை என்பதற்குக் காரணம் உண்டு. உடலோடு இருக்கையிலேயே விடுதலை பெற்ற சீவன்முத்தரும் அடியாரோடு கூடி, திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே வழிபடவேண்டும் என்று சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் விதிக்கிறது. விழித்தபின் குருவைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை.

ஸ்ராட் ஆனதோடு பற்றரி நிரம்பிவிட்டது என்று நினைப்பதும் இதே வகைத் தவறு. உடனே அணைக்காமல் அரைமணி நேரமாவது ஓடவேண்டும். அந்த ஓட்டத்திலும் அது முழுதாக ஏறாது, சார்ஜரில் போடுவதே நல்லது. பிறகு ஏன் இறங்கியது என்று தேடவேண்டும். விளக்கை அணைக்க மறந்ததாக இருக்கலாம். 2022இல் எரிபொருள் இல்லாமல் நின்ற கார்களைப் போல, வாரக்கணக்கில் ஓடாமல் நின்றதாக இருக்கலாம். நெடுநாள் இறங்கியே கிடந்தால் சல்பேற்றுப் படிவு இறுகிப்போய் எந்த மின்னுக்கும் கரையாது. காங்கேசன்துறை, பருத்தித்துறை, காரைநகர்ப் பக்கத்து உப்புக் காற்றில் முனைகளில் வெண்பச்சைப் பூப்பு ஏறும். அதைச் சுடுநீரும் அப்பச்சோடாவும் விட்டுத் துடைத்து, காயவைத்து, கிறீஸ் பூசவேண்டும். நீர் குறைந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டும் விடவேண்டும். குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது. அதிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுத்துவிடும்.

சார்ஜரில் முழுதாக ஏற்றி, ஓர் இரவு ஓய்வில் நின்றபின்னும் 12 வோல்ற்றைத் தாண்டாத பற்றரிக்கு இனி எவர் வயர் கொடுத்தாலும் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பழையதைப் பற்றரிக் கடையில் கொடுத்தால் ஈயத்துக்காக எடுத்துக்கொள்வார்கள். அமிலத்தை வளவில் ஊற்றக்கூடாது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது எதுவும் கீழே இறங்கி, அயல் வளவுக் கிணறுவரை போகும்.